பீரோவில் பூட்டிய பட ஃபைல்

ஜெனியின் கால் மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இப்போதுதான் கண்ணயர்ந்தாள். கிடைத்த நேரத்தில் எழுதுகிறேன். இந்த மாதிரிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிற மற்ற அம்மாக்களுக்கு உதவும், நடந்ததை எழுதுங்கள் என்று பத்மா டீச்சர்தான் சொன்னார். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்றும் சொன்னார். உள்ளதை எழுதுவதென்றால் முதலில் எழுத வேண்டியது இதுதான்: பத்மா டீச்சரைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

என் மகள் ஜெனிஃபருக்கு எட்டு வயது. பிறந்தவுடன் அழவில்லை. மூச்சுக்காற்று போதாமல் மூளையில் ஒரு பகுதி பழுதாகிவிட்டது என்றார்கள். செரிப்ரல் பால்சி, தமிழில் மூளை முடக்குவாதம். பெயரைக் கேட்டால் மூளையே முடங்கிவிட்டதாகத் தோன்றும். அப்படியில்லை. கையைத் தூக்கு, காலை நீட்டு என்று மூளை சொல்வது தசைகளுக்குச் சரியாகப் போய்ச் சேராது. அவளுடைய கால்கள் இரண்டும் இறுகி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். வலது கை மட்டும் மூடிய முட்டியாக, நினைத்த பக்கம் மெல்ல நகரும். பேச்சு வராது. காது நன்றாகக் கேட்கும். நாம் பேசுவதெல்லாம் புரியும்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மூன்று வருடத்துக்கு முன்னால் என்னால் எழுதியிருக்க முடியாது. புரிகிறது என்று கண்டுபிடித்தது நானில்லை, பத்மா டீச்சர். அவர் திருப்போரூரில் இருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கிற சிறப்பாசிரியர். மாமல்லபுரத்துக்கு மேற்கே, கால்வாயைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊருக்கு வியாழக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் வருவார். தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் ஜெனி கைகால் எல்லாம் உதறிச் சிரிப்பாள். எட்டு வருடமாக நான் கடைக்குப் போய்த் திரும்பி வருகிறேன். எனக்கு அப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததில்லை.

என் வீட்டுக்காரர் மோசஸிடம் இதைச் சொல்லிப் புலம்புவேன். கடற்கரை ரிசார்ட்டுகளின் படுக்கை விரிப்புகளைச் சலவைக்கு ஏற்றிப்போகிற டெம்போ ஓட்டுகிறார்.

"நீ எப்பவும் கூடவே கீற ஸ்டெல்லா. அந்த டீச்சரு வாரத்துக்கு ஒரு வாட்டி வருது. புதுசா வர்றவங்களப் பாத்தா புள்ள சிரிக்காதா?" என்பார். அது நியாயமான பேச்சு. நியாயத்தால் வயிற்றெரிச்சல் அடங்குமா?

டீச்சர் முதலில் கண்ணைப் பழக்கினார். ஆமாம் என்றால் மேலே பார்க்க வேண்டும், இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பிறகு படங்கள். தண்ணீர், சோறு, ஒண்ணுக்கு, தூக்கம், அப்பா, அம்மா என்று அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் உறைகள் வைத்த பெரிய ஃபைலில் போட்டார். அதை ஜெனியின் வலது பக்கம் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல், மனதுக்குள் பத்து எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஐந்து, ஆறு எண்ணுவதற்குள் முட்டி நகரத் தொடங்கும். ஒன்பதில் படத்தின் மேல் போய் விழும். எனக்கு மூன்றுக்கு மேல் பொறுமை கிடையாது.

ஒரு வியாழக்கிழமை, "ஜெனிம்மா, இவளுக்குத் தயிர்சாதம் பிடிக்கலையாம்" என்றார்.

"யாரு சொன்னது?"

"அவதான்."

"நாலு வருஷமா ஊட்டிக்கினு கீறேன் டீச்சர். எனக்குத் தெரியாதா இன்னா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சாம்பார் சாதம், தயிர்சாதம் இரண்டு படத்தையும் என் எதிரிலேயே வைத்தார். முட்டி சாம்பார் சாதத்துக்குப் போனது. படங்களை இடம் மாற்றி வைத்தார். அப்போதும் சாம்பார் சாதம்தான். மாற்றி வைத்துக் கேட்டால்தான் உறுதி என்று எனக்குப் பாடம் வேறு நடத்திவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி வேண்டுமென்றே தயிர்சாதம் பிசைந்து ஊட்டினேன். ஜெனி சாப்பிட்டாள். பாவம், வேறென்ன செய்வாள்?

இந்த வருடம் பொங்கல் முடிந்து, துணி மாற்றும்போது தொடையை விரித்தாலே ஜெனி முகத்தைச் சுளிக்க ஆரம்பித்தாள். செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எலும்பு டாக்டர் சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து விளக்கமாகச் சொன்னார். தொடை எலும்பின் தலை உருண்டையாக இருக்கும், அது இடுப்பில் உள்ள குழியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஜெனிக்கு இறுகிய தசைகள் இழுத்து இழுத்து அந்த உருண்டை பாதி வெளியே நகர்ந்துவிட்டது. முழுக்க நழுவினால் பிறகு அவளால் நிமிர்ந்து உட்காரவே முடியாது.

உட்காருவதுதான் எங்களுக்கு எல்லாமே. ஜூன் மாதம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளை உட்கார வைப்பதாக டீச்சர் ஏற்பாடு செய்திருந்தார். முன்பக்கம் பலகையும் இடுப்புக்குப் பட்டையும் வைத்த மர நாற்காலி கூடத் தயாராகிவிட்டது. உட்கார முடியாத பிள்ளைக்கு நாற்காலி எதற்கு, பள்ளிக்கூடம் எதற்கு?

தொடையின் உள்பக்கம், முழங்காலின் பின்பக்கம், குதிகாலுக்கு மேல் என்று மூன்று இடங்களில் இறுகிய தசைநாரைக் கொஞ்சம் வெட்டி நீளமாக்க வேண்டும் என்றார் டாக்டர். பிறகு இரண்டு கால்களையும் விரித்து, நடுவில் ஒரு குச்சி கொடுத்து, தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. "ஆறு வாரம் அசையாம இருந்தாத்தான் நீட்டின தசை அப்படியே நிக்கும். அதான் முக்கியம்" என்றார்.

அதன்பிறகு நான்கைந்து முறை அலைந்தோம். மயக்க மருந்து டாக்டரிடம் சம்மதம் வாங்க ஒரு வரிசை, ரத்தம் எடுக்க ஒரு வரிசை, இதயத்தைப் பார்க்க ஒரு வரிசை. எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றால் எல்லோரும் முதலில் பிள்ளையைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் பணக் கவலை பெரிதாக இல்லை. எனக்கு வேறு கவலை இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வியாழக்கிழமைகளும் டீச்சர் ஆஸ்பத்திரிப் பாடம் நடத்தினார். ஊசி, முகத்தில் வைக்கும் மூடி, மாவுக்கட்டு எல்லாவற்றுக்கும் படம். ஒரு பொம்மைக்குக் கட்டுப் போட்டுக் காட்டினார். ஒரு சிறுமியின் முழு உருவத்தை முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று வரைந்து, எங்கே வலிக்கிறதோ அங்கே முட்டியை வைக்கப் பழக்கினார். இருவரும் சிரித்துக்கொண்டே படித்தார்கள். நான் அடுப்படியில் பாத்திரங்களைச் சத்தம் வரத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபைலின் முதல் பக்கத்தில் டீச்சர் தன் கையால் எழுதியிருந்தார். என் பெயர் ஜெனி. நீங்கள் பேசுவது எனக்குப் புரியும். என்னிடமே கேளுங்கள். பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரமாகும், பத்து எண்ணும்வரை காத்திருங்கள்.

நான் பெற்ற பிள்ளையைப் பற்றி இன்னொருத்தி எழுதி, அதை நர்ஸ்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அப்படியானால் நான் எதற்கு, சோறூட்டவும் பீத்துணி அலசவுமா? அந்த ஆத்திரத்தில்தான் செய்தேன். கிளம்புகிற அன்று ஃபைலைப் பீரோவின் கீழ்த்தட்டில், சர்ச்சுக்குக் கட்டும் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

வார்டில் படுக்கை போட்டதும் மோசஸ் கேட்டார். "ஃபைலு எங்க?"

"ஐயோ, மறந்துட்டேன்."

"நான் போய் எடுத்துகினு வர்றேன்."

"எதுக்கு அலையணும்? அவளுக்கு இன்னா வேணும்னு எனக்குத் தெரியாதா?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நர்ஸ் வந்து, "பாப்பா பேசுவாளா?" என்றார். பேச மாட்டாள் என்றேன். "நாம சொல்றது புரியுமா?" என்றார். "எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க சிஸ்டர், நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து யாரும் ஜெனியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் தலைக்கு மேலே என்னிடம்தான் பேசினார்கள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

ஆபரேஷன் மூன்று மணி நேரம். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டரே வெளியில் வந்து சொன்னார். முதல் நாள் முழுக்க மயக்கத்தில் கிடந்தாள். மறுநாள் காலை அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. வலி மருந்து கொடுத்தால் கொஞ்சம் அடங்குவாள், மறுபடியும் வீறிடுவாள். கட்டுக்குள் தசை வெட்டி வெட்டி இழுப்பது வழக்கம்தான் என்று அதற்கு ஒரு மருந்து ஏற்றினார்கள். நான் பசியா என்றேன், தண்ணியா என்றேன், பயமா இருக்கா என்றேன். அவள் தலையைப் பின்னால் தள்ளி அலறியதில் கண் எங்கே பார்க்கிறது என்றே தெரியவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவுமில்லை, நானே பசி என்று முடிவுகட்டிக் கஞ்சி ஊட்டினேன். துப்பினாள்.

வலது முட்டியால் படுக்கையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவள் தட்டுவதில் இடது கையில் ஏறும் குளுக்கோஸ் ஊசி ஆடுகிறது, வலது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் நர்ஸ். பிடித்துக்கொண்டேன். அன்று முழுக்க அந்த முட்டியை என் உள்ளங்கைக்குக் கீழே அழுத்தி வைத்திருந்தேன்.

பக்கத்துப் படுக்கையில் அச்சரப்பாக்கத்து வசந்தா அக்கா. மாமரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த மகனோடு இருந்தார். அவன், "அம்மா, இங்க வலிக்குது, தலகாணிய நகத்து, இன்னும் கொஞ்சம் இப்டிக்கா" என்று நாளெல்லாம் அதிகாரம் செய்வான். வசந்தா அக்கா சலித்துக்கொண்டே நகர்த்துவார். என் பிள்ளை ஒரே ஒரு தடவை என்னை அப்படி அதிகாரம் செய்ய மாட்டாளா என்று இருக்கும். சலித்துக்கொள்ளக்கூட அவருக்குக் கொடுத்து வைத்திருக்கிறதே என்று அவர்மேலும் எரிச்சல் வந்தது.

மூன்றாம் நாள் காலை காய்ச்சல். டாக்டர் கட்டைத் தட்டிப் பார்த்தார், விரல்களை அழுத்திப் பார்த்தார். "உள்ள எங்கயோ கட்டு அழுத்துது போல. புண்ணு விழுந்தா ஆழமா போயிடும். இடம் தெரிஞ்சா அங்க மட்டும் சின்னதா வெட்டித் திறந்து பாக்கலாம். ரெண்டு கால்லயும் எங்கன்னு தெரியாம வெட்ட முடியாதும்மா. நாளைக்குக் காலைல மயக்கம் குடுத்து மொத்தமா பிரிச்சுடலாம்."

"பிரிச்சா ஆபரேஷன் பண்ணது இன்னா ஆவும் டாக்டர்?"

"திரும்பக் கட்டுவோம். ஆனா தசை சுருங்கிடுச்சுன்னா முதல்ல நின்ன மாதிரி நிக்காது." போகத் திரும்பியவர் நின்று கேட்டார். "எங்க வலிக்குதுன்னு அவளால காட்ட முடியாதா?"

என் கைக்கு அடியில் முட்டி நகர்ந்தது. வலது பக்கமாக, படுக்கையின் ஓரத்துக்குப் போய், தட்டித் தடவி, திரும்பி வந்து, மறுபடி அங்கேயே போனது. டீச்சர் ஃபைலை வைக்கிற இடம் அது. முந்தின நாள் காலையிலிருந்து என் மகள் ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கத்தில் எந்தப் படத்தைத் தொட வேண்டும் என்று சிரித்துச் சிரித்துப் படித்துவிட்டு வந்தவள், கேட்டுக் கேட்டு அழுதிருக்கிறாள். கேட்ட கையை நான் பிடித்து அழுத்தி வைத்திருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த வெட்கத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

"காட்டுவா டாக்டர். சாயந்தரம் வரைக்கும் டைம் குடுங்க" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு ஓடி, டெம்போ வேலைக்குத் திரும்பியிருந்த மோசஸுக்கு போன் போட்டேன்.

"ஃபைலு பீரோவுல கீது. கீழ்த்தட்டுல, சர்ச்சு புடவைங்களுக்கு அடியில. சாவி பைபிள் பக்கத்துல."

"மறந்துட்டேன்னு சொன்ன?" என்றார்.

"திட்டறதுன்னா அப்புறம் திட்டு. இப்ப எடுத்துகினு வா."

பகல் இரண்டு மணிக்கு வந்தார். கூடவே பத்மா டீச்சர். திருப்போரூர் போய் அவரையும் ஏற்றிக்கொண்டு, சலவைத் துணி மூட்டைகளோடு டெம்போவில் வந்திருந்தார்கள். டீச்சரைக் கண்டதும் அந்த அழுகைக்கு நடுவிலும் ஜெனியின் கண் விரிந்தது. அப்போதும், அந்த நிலைமையிலும், எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்ல மாட்டேன்.

டீச்சர் கைநீட்டுவதற்குள் மோசஸிடமிருந்து ஃபைலை நான் பிடுங்கிக்கொண்டேன். உருவப் பக்கத்தைத் திறந்து ஜெனியின் முகத்துக்கு நேரே காட்டி, "எங்கடா வலிக்குது? காலா? இங்கயா? முழங்காலா?" என்று அடுக்கினேன். அவள் பார்க்கவே இல்லை. டீச்சர் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றார்.

"வலது பக்கம் வைங்க ஜெனிம்மா. கொஞ்சம் சாய்ச்சு. அவ கைக்கு எட்டணும்."

வைத்தேன்.

"ஒரு தடவைதான் கேக்கணும். கேட்டுட்டுப் பேசாதீங்க."

"ஜெனி, எங்க வலிக்குது?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் மறுபடி கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். ஐந்தில் அவள் அழுகை குறைந்தது. ஏழில் முட்டி ஃபைலின் மேல் ஏறியது. முன்பக்க உருவத்தைத் தாண்டி, பின்பக்க உருவத்தின் மேல் இறங்கி, கால் வழியாகக் கீழே போய், இடது குதிகாலில் நின்றது. நான் ஃபைலை எடுத்து மறுபடி வைத்து இன்னொரு முறை கேட்டேன். எட்டு எண்ணுவதற்குள் அதே இடது குதிகால்.

டாக்டர் வந்து, இடது குதிகாலுக்கு நேரே சின்ன ரம்பத்தால் மாவுக்கட்டில் ஒரு சதுரம் அறுத்து எடுத்தார். உள்ளே தோல் சிவந்து, கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது. "நல்லவேளை, மேலாகத்தான் இருக்கு. நாளைக்குன்னா ஆழமா போயிருக்கும்" என்றார். மருந்து வைத்து, பஞ்சு வைத்து, அந்த ஓட்டை வழியாகவே தினமும் புண்ணைத் துடைக்கலாம், கட்டைப் பிரிக்க வேண்டாம் என்றார். ஜெனி பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். பத்து நிமிடத்தில் தூங்கிப்போனாள்.

டீச்சரை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். "மறக்கல டீச்சர். வேணும்னுதான் வெச்சுட்டு வந்தேன்."

"தெரியும். பீரோன்னு அண்ணன் வண்டியில சொன்னார்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குக் கோவம்தான் ஜெனிம்மா. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

அவர் பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் எரிந்திருக்கும். கோபம் என்றதும் ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இரண்டு பேரும் கீழே போய் டீ குடித்தோம். முதல் பக்கத்தில் எழுதியிருந்ததை நர்ஸிடம் நானே படித்துக் காட்டினேன்.

ஒரு வாரம் கழித்து, வீட்டுக்கு அனுப்புகிற நாள். டீச்சர் வந்திருந்தார். வார்டில் எல்லோரும் இப்போது ஜெனியிடம் நேரடியாகப் பேசுகிறார்கள் என்பதால், பதிலுக்குப் பேச வேண்டியதை ஒரு புதுப் பக்கமாகத் தயாரித்து அன்று காலைதான் ஃபைலில் சேர்த்திருந்தார். வாங்க, டாட்டா, தேங்க்ஸ், இன்னொரு தடவை சொல்லுங்க என்று ஏழெட்டுப் படங்கள். அந்தப் பக்கம்தான் ஜெனியின் வலது பக்கம் திறந்திருந்தது, நான் இன்னும் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "ஜெனி, இன்னிக்கே வீட்டுக்குப் போறியா, இல்ல இன்னும் ரெண்டு நாள் எங்ககூட இருக்கியா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"போறோம் டாக்டர்" என்றேன் நான். "அவளுக்கு ஒரே வூட்டு நெனப்பு. ராத்திரிகூட..."

டப் என்று முட்டி ஃபைலில் விழுந்தது.

"இன்னாடா, தண்ணியா? டாக்டர், தண்ணி கேக்கறா போலகீது..."

மறுபடி டப். இந்த முறை கட்டிலே அதிர்ந்தது. ஜெனியின் முகம் சிவந்து, மூக்கு விடைத்திருந்தது. பக்கத்துக் கட்டிலிலிருந்து வசந்தா அக்கா எட்டிப் பார்த்தார். உதட்டின் மேல் விரலை வைத்திருக்கும் ஒரு படத்தின் மேல் முட்டி நின்றிருந்தது.

"ஏ ஸ்டெல்லா, உன்னத்தான் வாய மூடச் சொல்லுது பொண்ணு!"

வார்டே சிரித்தது. டாக்டர் சிரித்தார், மோசஸ் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். ஜெனி மட்டும் சிரிக்கவில்லை. என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் டாக்டர் பக்கம் திரும்பி, வீட்டுப் படம் இருக்கும் பக்கத்தை டீச்சர் புரட்டும்வரை காத்திருந்து, அதைத் தானே தொட்டுக் காட்டிவிட்டு, மறுபடி என்னை ஒரு முறை முறைத்தாள். எட்டு வருடத்தில் என் மகள் என்னோடு போட்ட முதல் சண்டை.

துணிகளை மடித்துப் பையில் வைக்கும்போது டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேனே.

"மூணு வருஷமா வரேன். என்கிட்ட அவ ஒரு தடவகூட இப்படிக் கோவிச்சுக்கிட்டதில்ல ஜெனிம்மா" என்றார்.

எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்டும், மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா டீச்சர், ஒரு தடவகூடவா?" என்று இன்னொரு முறை சொல்ல வைத்தேன்.